களம்பூரில் இறங்கி, புலவர்களைத் தேடி

ஆரணிப் பட்டுக்கு ஊரெல்லாம் பேர். ஆரணிக்கு ரயில் கிடையாது. விழுப்புரம்–காட்பாடி பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று பலகை வைத்த நிலையம் இருப்பது களம்பூரில். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் இங்கே இறங்கியதும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக் கிழக்கே போய்விடுகிறார்கள். களம்பூர்க்காரர்களும் யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை. அவர்களுக்கு அரிசி இருக்கிறது. ஆலைகளில் நெல் அவியும் வாசனை நிலையத்துக்கு வெளியே வந்தவுடனே மூக்கில் ஏறுகிறது. ‘களம்பூர் அரிசி’ என்று மூட்டையில் அச்சடித்திருந்தால் சென்னை மளிகைக் கடையில் கேள்வி கேட்காமல் வாங்கிப் போகிறார்கள்.

நான் புடவைக்கும் வரவில்லை, அரிசிக்கும் வரவில்லை. இந்த வட்டாரத்தில் நடந்து திரிந்த புலவர்களைப் பற்றிப் பல காலமாகப் படித்து வைத்திருந்தேன். அவர்கள் நடந்த மண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற எண்ணம். ஆரணி என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு ஆரணி குப்புசாமி முதலியாரும் அவருடைய துப்பறியும் நாவல்களும் நினைவுக்கு வரலாம். அவர் உரைநடைக்காரர், அவரை இன்னொரு பயணத்துக்கு ஒத்தி வைத்தேன்.

களம்பூரிலிருந்து மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. தெற்கே போளூரைத் தாண்டினால் பர்வதமலை தலை காட்டும். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் பேசுவது இந்தப் பக்கத்து மலைகளைத்தான். பாட்டுடைத் தலைவன் செங்கண்மா நகரத்து நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலைதான் பர்வதமலை என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். சேயாறும் அதில் ஓடுகிறது. இன்றைக்குச் செய்யாறு, பெரும்பாலும் மணலாக. பெண் கொலை புரிந்தவன் என்று வசை வாங்கிய நன்னன் வேறு ஆள். செங்கத்துக்காரர்கள் மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம்.

பாடியவர் பெருங்கௌசிகனார். மொத்தம் 583 அடி. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், பசித்து வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் முழுப் பாட்டும். கூத்தராற்றுப்படை என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அரசனைப் பாடும் பாட்டு என்று எடுத்து வாசித்தால், அரசனைவிட வழிதான் அதிகம் வருகிறது. எங்கே காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தப் பாறை வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், புனக்காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கை. ஆபத்துக்கு அடுத்தபடி சாப்பாடு. மலைக்குடியில் தினைச் சோறும் இறைச்சியும். இன்னும் கீழே வந்தால் மூங்கிலரிசியும் மேட்டு நெல்லும் அவரையும் புளியும் சேர்ந்த கூழ். இடையர் குடியில் பால். ஆற்றோர வயலில் வெண்ணெல்லும் வாளைமீனும். எந்தக் குடியில் என்ன கிடைக்கும் என்பதைப் பசியோடு நடந்தவன்தான் இவ்வளவு துல்லியமாக எழுத முடியும் என்பது என் துணிபு. பெருங்கௌசிகனார் அரண்மனையில் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால் இத்தனை கூழ் வந்திருக்காது.

அந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழி பிரியும் இடங்களில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறிப் போவார்கள். ஆகவே நீங்கள் போகும்போது அந்தச் சந்தியைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான் கூத்தன். பரிசு வாங்கப் போகிறவனிடம் பின்னால் வரும் போட்டியாளனுக்கு வழி காட்டச் சொல்கிற தொழில் தர்மம் அது. இன்றைய இலக்கிய உலகில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல முயன்றேன். ரயிலில் வரும்போது யோசித்தும் அகப்படவில்லை. அதே பகுதியில், போரில் விழுந்தவர்களின் பெயர் பொறித்த நடுகற்களைத் தொழுது போகச் சொல்கிறது பாட்டு. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. அந்தக் கற்கள் பாட்டுக்குச் சில நூற்றாண்டு பிந்தியவை. ஆனாலும் இந்த மண்ணில் கல் நட்டுப் பெயர் எழுதும் பழக்கம் அறுபடாமல் வந்திருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி.

செங்கம் வரை போகவில்லை. பக்கத்திலேயே இருந்த இன்னொரு மலை என்னை இழுத்தது.

“திருமலைக்கா? சமணர் கோயிலுதான? போவலாம் சார். மேல ஏறுவீங்களா, கீழயே பார்த்துட்டு வந்துடுவீங்களா? வெயிட்டிங் அதுக்கேத்த மாதிரி” என்றார் ஆட்டோக்காரர். ஏறுவேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வடமாதிமங்கலம் வழியாகப் பாதை. இருபுறமும் நெல், நடுவில் கரும்பு, அப்புறம் திடீரென்று ஒரு பாறைக் குன்று.

திருமலை இன்னும் உயிரோடு இருக்கும் சமணத் தலம். அடிவாரத்தில் கோயில்கள், அவற்றுக்கு மேல் குகையில் மங்கிப்போன ஓவியங்கள், பாறையில் செதுக்கிய நேமிநாதர். சுமார் 16 அடி உயரம். தமிழகத்துச் சமணச் சிற்பங்களில் இவ்வளவு நெடியது வேறில்லை என்கிறார்கள். அவரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனால் நான் வந்தது கல்வெட்டுகளுக்காக.

கங்கை வரை படையனுப்பிய ராஜேந்திர சோழனின் வெற்றியைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்த வரலாற்றுக்கு முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்தத் திருமலைப் பாறை. அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1024–25. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். இலங்கை, ஒட்டரம், கோசலம், தண்டபுத்தி, ஓயாமல் மழை பொழியும் வங்காளம், மகிபாலன், கடைசியில் கங்கை என்று ஒரு மூச்சில் ஓடும் மெய்க்கீர்த்தி. அகவல் நடை, நல்ல ஓசை. வடக்கே நடந்த போரின் ஊர்ப் பெயர்களையெல்லாம் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி உருட்டிச் சீருக்குள் அடக்கிய கை, தேர்ந்த புலவனின் கை. ஆனால் புலவன் பெயர் கல்லில் இல்லை. அரசன் பெயர் இருக்கிறது, தோற்ற அரசர்கள் பெயர்கள் இருக்கின்றன, இன்னொரு பெயரும் இருக்கிறது: சாமுண்டப்பை. நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி. இந்த மலையிலிருந்த குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்குக்காக 20 காசும் திருவமுதுக்காக 10 காசும் கொடுத்தவள்.

கங்கை வெற்றிப் பாட்டு முழுவதும் அந்த 30 காசுக்கு முகவுரை! சாமுண்டப்பை விளக்குக்குக் காசு கொடுத்ததால்தான் அதைக் கல்லில் வெட்டினார்கள். வெட்டும்போது வழக்கப்படி அரசனின் கீர்த்தியை முன்னால் போட்டார்கள். அதனால்தான் பெயரில்லாத புலவனின் அகவல் இங்கே ஆயிரம் ஆண்டு நின்றது. புலவனுக்குப் படியளந்தது சோழன். பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு வணிகர் வீட்டுப் பெண்.

அதே திருமலையில் இன்னொரு கல்வெட்டு. பதிமூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இருந்த அதியமான் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி செய்து வைத்த இயக்கன் இயக்கி படிமங்கள் சிதைந்து கிடந்ததைப் புதுப்பித்தான் என்று தமிழ்ச் செய்யுளிலும் சமஸ்கிருதத்திலும் சொல்கிறது. அதியமான், எழினி. இந்தப் பெயர்களைப் பார்த்ததும் புறநானூறு படித்தவர்களுக்குத் தகடூரும் நெல்லிக்கனியும் ஔவையும் வராமல் போகாது. சங்கத்து அதியமானுக்கும் இவனுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. ரத்த உறவு உண்மையோ இல்லையோ, ஔவை பாடிய குடிப்பெயரைச் சுமக்க அவன் விரும்பியிருக்கிறான். ஒரு காலத்தில் புலவர்களுக்குச் சோறிட்ட குடி என்ற புகழ், ஆட்சி சுருங்கிய பிறகும் சொத்தாகக் கூடவே வந்திருக்கிறது.

ராஜேந்திரனைப் பற்றி இந்த மாவட்டத்துக் கவிஞர் ஒருவர் மறுபடி எழுதியிருக்கிறார். வந்தவாசியின் அ. வெண்ணிலா. ‘நீரில் அலையும் முகம்’, ‘ஆதியில் சொற்கள் இருந்தன’ என்று கவிதைத் தொகுப்புகளால் அறியப்பட்டவர், 2018இல் ‘கங்காபுரம்’ நாவலில் தந்தையின் நிழலிலேயே நரைத்துப்போன ராஜேந்திரனை எழுதினார். மெய்க்கீர்த்திப் புலவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதில் தேடியிருக்கிறார் என்று சொல்லலாம். அவரும் ஹைக்கூவைத் தமிழில் பரப்பிய மு. முருகேஷும் வந்தவாசியிலிருந்தே அகநி பதிப்பகத்தை நடத்துகிறார்கள். முருகேஷின் சிறார் நூலுக்கு 2021இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. வெண்ணிலா பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கடந்த ஐம்பது ஆண்டுத் தமிழ்க் கவிஞர்களின் பிழைப்பைக் கணக்கெடுத்தால் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அரசு அலுவலர்களும்தான் வரிசையில் முன்னால் நிற்பார்கள். நன்னன் இல்லை, அதியமான் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம். அரசாங்கச் சம்பளக்காரர் அரசாங்கத்தைப் பாட வேண்டியதில்லை, அது பெரிய விடுதலை. கவிதை எழுத ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிஞ்சும், அது அந்த விடுதலைக்குக் கொடுக்கும் விலை. பெண்ணாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைக்குப் போய்விடும். வெண்ணிலா தொகுத்த பெண் எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்புக்கு ‘மீதமிருக்கும் சொற்கள்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

சாயங்காலம் களம்பூர் திரும்பி, தறிச் சத்தம் கேட்ட தெரு ஒன்றில் நுழைந்தேன். விசைத்தறி வந்த பிறகு சத்தத்தின் தாளமே வேறாகிவிட்டது. நாலைந்து வீடு தள்ளிக் குழித்தறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றதும், “வாங்க, உள்ள வாங்க. ஆர்டருங்களா?” என்றார் பெரியவர். இல்லை, புலவர்களைப் பற்றி எழுதுகிறவன் என்றேன். ஜக்கார்டு அட்டை நின்றது.

“ஒட்டக்கூத்தரு எங்க ஆளு சார். தெரியுமில்ல? தலைய வெட்டிக் குடுத்தவங்க நாங்க.”

விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று சோழர்களின் அவையில் இருந்தவர் ஒட்டக்கூத்தர். மூவருலாவும் தக்கயாகப் பரணியும் அவருடையவை. நெசவுத் தொழில் செய்யும் செங்குந்தர் மரபு. தன் இனத்தார் தங்களைப் பாடச் சொல்லி வற்புறுத்தியபோது, பாட மறுத்து, தலைப்பிள்ளைகளின் தலைகளைக் கேட்டார். அவர்கள் வெட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தலைகளின் மேல் இருந்து ‘ஈட்டி எழுபது’ பாடினார். பிறகு ‘எழுப்பெழுபது’ பாடித் தலைகளை உடலோடு ஒட்ட வைத்தார் என்பது வழிவழிக் கதை. கதையாகவே வைத்துக்கொண்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, பக்தியால் அல்ல. அரசன் புலவனுக்குப் பொன் கொடுப்பான். பொன் இல்லாத நெசவாளர் கூட்டம் தங்களையும் ஒரு பாட்டில் பதிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டால் எதைக் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு இவ்வளவு கொடூரமான பதிலைக் கற்பனை செய்த சமூகம், பாட்டில் இடம் பெறுவதை எவ்வளவு பெரிதாக நினைத்திருக்க வேண்டும்!

இரட்டைப் புலவர்களைத் தெரியுமா என்று பெரியவரிடம் கேட்டேன்.

“கேட்டிருக்கேன். ஒருத்தருக்குக் கண்ணு கெடயாது, ஒருத்தருக்குக் காலு. கண்ணு இல்லாதவரு தோள்ல காலு இல்லாதவரு ஒக்காந்துக்குவாரு. அவங்களும் நம்மாளுங்கதான்னு எங்க தாத்தா சொல்வாரு.” சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “இவரு பாதி பாடுவாரு, அவரு பாதி முடிப்பாருன்னு சொல்றாங்களே. அப்ப கூலி ஒண்ணா, ரெண்டா?”

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தார். “நல்லாக் கேளு. நான் சுத்தற தாருக்குத் தனியா எவன் காசு குடுக்கறான்?”

ஒரு புடவைக்கு ஒரு கூலி. அதற்குள் நூல் இழைப்பவர், தார் சுற்றுபவர், பாவு பிணைக்க உதவும் பிள்ளை எல்லோருடைய உழைப்பும் அடக்கம். நெசவு வீடுகளில் இது எழுதாத சட்டம். எந்த இலக்கிய வரலாற்று ஆசிரியருக்கும் தோன்றாத கேள்வியை அந்தப் பெரியவர் கேட்டுவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கூலி எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு தெரியும். அதற்காகத்தான் மறுநாள் காலை சந்தவாசல் வழியாகப் படவேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

இன்று படவேடு என்றால் ரேணுகாம்பாள். ஆடி மாதத்தில் கூட்டம் தாங்காது. மற்ற மாதங்களில் வாழைத் தோட்டங்களும் கமண்டல நதியும் மலையடிவாரத்து அமைதியும். பதினான்காம் நூற்றாண்டில் இது சம்புவராயர்களின் தலைநகரம். சோழர் ஆட்சி ஓய்ந்து, பாண்டியர் ஆட்சியும் குலைந்து, விஜயநகரம் இன்னும் தெற்கே இறங்காத இடைவெளியில் தொண்டை நாட்டில் தனியரசாக நின்றவர்கள். அவர்களில் ராஜநாராயண சம்புவராயர் காலத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்தவர்கள் இரட்டையர். முதுசூரியர், இளஞ்சூரியர் என்று அவர்களுடைய பெயர்களை மரபு சொல்கிறது. கலம்பகம் பாடுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்தவர்கள். தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் இவர்களுடையவை. சம்புவராயர் ஆதரவில் பாடியது ஏகாம்பரநாதர் உலா.

ஊரின் பின்னால் உயரும் மலைக்கு ராஜகம்பீரன் மலை என்று பெயர். மேலே கோட்டைமலை வேணுகோபாலர் கோயில். அந்த மலையைக் கீழிருந்து பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோது நினைவில் இருந்தவர் இரட்டையர் அல்லர், ஒரு பெண். கங்காதேவி. விஜயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணனின் மனைவி. கணவனின் தெற்குப் படையெடுப்பை ‘மதுரா விஜயம்’ என்ற சமஸ்கிருதக் காவியமாக எழுதினார். மதுரை சுல்தானை வெல்லப் போகும் வழியில் கம்பணன் முதலில் மோதியது சம்புவராயரோடு. காவியம் அந்தப் போரை இந்த மலைக்கோட்டையில்தான் முடிக்கிறது. கம்பணனின் வாளுக்குச் சம்புவராயன் இரையாகிறான்.

ஆக, ஒரே நூற்றாண்டில் ஒரே ஊரின் அரசர் குலத்தைப் பற்றி இரண்டு கவிதைகள். ஒன்று சம்புவராயர் சோற்றைத் தின்று தமிழில் பாடிய ஏழைகள் இருவருடையது. மற்றது அந்தச் சம்புவராயரை வீழ்த்தியவனின் வீட்டுக்குள்ளிருந்து எழுதியது. கங்காதேவிக்கு யாரும் படியளக்க வேண்டியதில்லை. பரிசுக்காகக் காத்திருக்கவில்லை, வழி கேட்டு நடக்கவில்லை. அவருடைய கவிதையில் அது தெரிகிறது: படை நகர்வதையும் கடற்கரையையும் காஞ்சியின் பருவங்களையும் அவசரமில்லாமல், ரசித்து ரசித்து எழுதுகிறார். அந்தக் காலத்துப் பெண்ணொருத்தி போரைக் காவியமாக்கியதே அபூர்வம். அதிலும் நல்ல கவி. வென்றவர் பக்கத்துக் கவி என்பதற்காக அவரைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

ஆனாலும் பிற்காலத்தில் நடந்ததைப் பாருங்கள். மதுரா விஜயத்தின் சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதுவும் இடையிடையே சிதைந்து. பேரரசின் இளவரசியார் எழுதிய காவியம் அறிஞர் கண்ணில் படாமல் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கிடந்திருக்கிறது. ஏகாம்பரநாதர் உலாவோ தமிழ்ப் புலவர்களின் படிப்பில் விடாமல் இருந்தது. இதற்கு மொழி ஒரு காரணம். இன்னொரு காரணம் இரட்டையரின் சாமர்த்தியம் என்பேன். சோறு போட்டவரை அவர்கள் பாட்டுடைத் தலைவர் ஆக்கவில்லை. தலைவர் ஏகாம்பரநாதர், அவர் வீதியில் உலா வருகிறார், அந்த உலாவுக்குள் சம்புவராயரின் பெயரைப் பதமாக நுழைத்து வைத்தார்கள். கம்பணன் வந்தான், சம்புவராயர் குலம் மங்கியது, தொண்டை நாட்டில் கொடிகள் மாறின. காஞ்சியில் ஏகாம்பரநாதர் இருந்த இடத்தில் இருந்தார், உலாவும் இருந்தது, அதற்குள் பத்திரமாகச் சம்புவராயரும் இருந்தார். ஒட்டக்கூத்தரும் உலா பாடினார், மூன்று சோழர்களுக்கு. இரட்டையருக்கு அரசர்கள் எவ்வளவு நாள் தங்குவார்கள் என்பது கூத்தரைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டீக்கடைக்காரரிடம் மலைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். “வெயில் ஏறிடுச்சுங்க, இப்ப வேணாம். கீழ அம்மனைப் பார்த்துட்டுப் பன்னெண்டு மணி பஸ்ஸைப் புடிங்க. அத விட்டா சந்தவாசல் வரைக்கும் ஆட்டோதான்” என்றார். பன்னிரண்டு மணி பஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. ஆரணியில் மாறி, இந்த முறை எல்லோரையும் போலப் பட்டுக் கடைத் தெருவில் இறங்கினேன்.